ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

ஜூன் 5, வியாழன்

கை: சுவிட்ச் போர்டின் அடிவிளிம்பு வரை.

இந்த ஒரு வரி போதும் என்றுதான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண் சொன்னாள். தினமும் காலையில் சுவரைப் பார்த்து நின்று வலது கை விரல்களை மெல்ல மெல்ல மேலே நடக்க விட வேண்டும். எதுவரை ஏறுகிறதோ அதைக் குறித்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் செக்கப்புக்கு வரும்போது காட்ட வேண்டும். உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒரு வரி எழுதிவிட்டு மூடப் போனால் மீதிப் பக்கம் காலியாகப் பல்லைக் காட்டுகிறது. துண்டுத் துணியைக்கூட வீணாக்காத தையற்காரி நான். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் என் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். இதை இந்த டைரியில் ஒரு தடவைதான் எழுதுவேன், எழுதியாயிற்று. அப்புறம் ஊசி மருந்து, அப்புறம் ரேடியேஷன் என்கிற கரண்ட் வைத்தது, எல்லாம் சித்திரையோடு முடிந்தது. வலது கை தோளுக்கு மேலே வர மாட்டேன் என்கிறது. இடது கை விரல்கள் மருந்தில் மரத்துப்போய், பிடித்த சொம்பு எப்போது நழுவும் என்று தெரிவதில்லை. ஒரு கை ஏறாது, ஒரு கை பிடிக்காது. ஆக, இந்த வயதில் எனக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்.

அந்த இன்னொருவர் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வெளியே தொண்டை கிழியக் கத்தினாரே தவிர, வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊற்றுகிறார். பாதி என் தோளில் விழுகிறது, பாதி தரையில் போகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கொட்டிப்போன முடி இப்போதுதான் ஒரு விரற்கடை முளைத்திருக்கிறது. அந்தத் தலையை நானே தேய்த்து நானே குளிக்க வேண்டும். யாரும் பக்கத்தில் நின்று சுவரைப் பார்க்க வேண்டியதில்லை.

ஜூன் 6, வெள்ளி

கை: அதே இடம்.

எங்கள் குளியலறையில் ஒரு ஷவர் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது. வீடு கட்டும்போது "எல்லாரும் வெக்கறாங்கக்கா" என்று மேஸ்திரி வைத்தது. குடிவந்த நாள் முதல் எங்களுக்குப் பக்கெட்டும் சொம்பும்தான். ஷவரின் கழுத்தில் சீயக்காய்ப் பை தொங்கும், அவருடைய ஈரத் துண்டு தொங்கும். ஷவராக அது ஒருநாளும் வேலை பார்த்ததில்லை.

ஷவர் இருந்தால் ஊற்றுகிற கை வேண்டாம். திருகைத் திறந்துவிட்டு அடியில் நின்றால் ஆயிற்று. இது இத்தனை மாதமாகத் தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் என்றால், கை எட்டாது.

திறந்து பார்த்தேன். முதலில் புஸ்ஸென்று ஒரு காற்று. பிறகு காவி நிறத்தில் சொட்டு. பிறகு ஒரே ஒரு ஒழுக்கு, அதுவும் நூல் கனத்துக்குச் சுவரோரமாகச் சாய்ந்து வந்தது. ஊசியில் கோத்துக் காஜா எடுக்கலாம், தலைக்குக் குளிக்க முடியாது.

சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். மோரைக் குடித்துக்கொண்டே, "தண்ணி சுத்தமா வருதல்ல, அது போதாதா?" என்றார்.

"வெசையா வரோணுங்க. சுத்தத்த வெச்சுக் கும்பிடவா?"

அவர் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

ஜூன் 7, சனி

கை: சுவிட்ச் போர்டின் நடு.

பெங்களூரிலிருந்து மகள் சுகன்யா கூப்பிட்டாள். "உப்படைச்சிருக்கும்மா. கழட்டி வினிகர்ல ஊற வெய்யி" என்றாள். வினிகருக்கு எங்கே போவது? புளியைக் கரைத்து அதில் போட்டேன். குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் தனிக் குழாயில் வருகிறது. குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர், அது மாடித் தொட்டிக்குப் போய்க் கீழே இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் உப்பு கேட்பானேன். சாயந்தரம் பார்த்தால் ஷவரின் முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகத் தையல் ஊசியால் குத்தினேன். ரொம்ப நாளைக்கப்புறம் ஊசி பிடித்தேன். விரலுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாட்டிப் பார்த்ததில் நூல் கொஞ்சம் தடித்துக் கயிறானது. அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

கை: சுவிட்ச் போர்டின் நடு.

வந்துவிட்டது! காலையில் திறந்தால் எல்லா ஓட்டையிலும் தண்ணீர். பெரிய மழை இல்லை, நல்ல தூறல். தலை நனையும், சோப்பு முழுதாக அலசிப் போகாது. இருந்தாலும் நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவோ தேவலை. ஊசியும் புளியும் சேர்ந்து செய்த வேலை.

அவரிடம் காட்டலாம் என்று கூப்பிட்டேன். ஆள் மொட்டைமாடியில் இருந்தார். மூட்டு வலி மூட்டு வலி என்று கடைக்குப் போகக்கூட முனகுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாடியில் என்ன சோலியோ. கேட்டால் "கொடிக்கம்பி தொங்கிப்போச்சு, இழுத்துக் கட்டினேன்" என்கிறார். போன வாரமும் அதே கம்பிதான்.

இறங்கி வந்து ஷவரைப் பார்த்தார். "சுத்தமா வருதல்ல?" என்றார். வேறு பேச்சே கிடையாதா இந்த மனிதருக்கு?

ஜூன் 11, புதன்

கை: சுவிட்ச் போர்டைத் தாண்டியாயிற்று. காலண்டரின் அடி.

தூறல் மறுபடி கயிறாகிவிட்டது. ஷவர் மட்டும் இல்லை, கீழே இருக்கிற குழாயும்தான். பக்கெட் நிறைவதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

கயிறு நூலாயிற்று. திரும்பவும் ஊசியால் குத்தினேன். ஓட்டை எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது. எரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

கை: காலண்டரில் சாமி படத்தின் பாதம் வரை.

இன்று மறுபடி தூறல்! நான் ஒன்றுமே செய்யவில்லை. புளியும் இல்லை, ஊசியும் இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். போன ஞாயிறும் வந்தது, இந்த ஞாயிறும் வந்தது. திங்கள் வரை தாக்குப்பிடிக்கிறது, பிறகு நாளுக்கு நாள் தேய்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத்தில் பட்டறைகளுக்கெல்லாம் லீவு. அதனால் கரண்ட் நன்றாக வருகிறது, மோட்டார் தொட்டியை முட்ட முட்ட நிரப்புகிறது, நிறைந்த தொட்டி வேகமாகத் தள்ளுகிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையோடு அவரிடம் சொன்னேன். எதைச் சொன்னாலும் பாதியில் எழுந்து போகிறவர், "ஆமா, ஆமா, கரண்ட்டுதான். அதேதான்" என்று இரண்டு மூன்று தடவை தலையாட்டினார். என் பேச்சை அவர் இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது கல்யாணம் ஆனதிலிருந்து இதுவே முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

கை: சாமி படத்தின் முழங்கால்.

துவைத்த துணியை மடித்தபோது அவருடைய பழைய மல் வேட்டி ஒன்றைக் காணோம். சித்திரையிலும் ஒன்று காணாமல் போயிருந்தது. கேட்டதற்கு, "கிழிஞ்சு போச்சு, எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். கிழிந்ததை எதற்கு எடுத்து வைக்க வேண்டும்? என் தையல் பெட்டியில் பாவாடை நாடா உருண்டையும் பாதியாகியிருக்கிறது. எலி வேட்டியும் கட்டி நாடாவும் கோக்கிறது போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

கை: அதே முழங்கால்.

பிளம்பர் மயில்சாமியை நானே போன் போட்டு வரச் சொன்னேன். குளியலறைக் குழாய்களைத் திறந்து மூடிப் பார்த்தார். சுவருக்குள் வருகிற லைனில் ஒரு வால்வு இருக்கிறது, அது முழுக்கத் திறந்துதான் இருக்கிறது என்றார்.

"உங்க தொட்டி நெம்பத் தாழ்வா உக்காந்திருக்குதுங்கக்கா. தலைக்கு மேல ஒசரமா இருந்தாத்தான் ஷவருக்கு வெசை கெடைக்கும். ஒண்ணு, தொட்டிய ஏத்தோணும். இல்லாட்டி ஒரு பிரஷர் பம்பு போட்டுக்கோங்க, சுளுவா முடிஞ்சிரும்."

"போட்டுருங்க" என்றேன்.

"எதுக்கும் மேல போயித் தொட்டிய ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன்" என்று மயில்சாமி படியில் கால் வைத்தார். சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்து படிக்குக் குறுக்கே நின்றார். பஸ் படியில் தொங்குகிறவனைத் தடுக்கிற மாதிரி கையை நீட்டிவிட்டார்.

"மேல எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒண்ணும் பாக்க வேண்டாம்."

"சரிங்கண்ணா. அப்ப பம்பு?"

"யோசிச்சுச் சொல்றோம். நீங்க போயிட்டு வாங்க."

நான் கேட்டு அவர் இல்லையென்று சொன்னது அபூர்வம். புடவையோ, மெஷினோ, சுகன்யா படிப்போ, எதற்கும் சொன்னதில்லை. ஒரு ஷவருக்குச் சொல்கிறார். அவருக்கு நான் குளித்தால் என்ன, குளிக்காவிட்டால் என்ன.

ஜூன் 20, வெள்ளி

கையைப் பார்க்கவில்லை.

இன்று அவர் வெளியே போயிருந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஷவர் அடியில் தனியாக நின்றேன். ஒழுக்குதான். இருக்கட்டும், எவ்வளவு நேரமானால் என்ன என்று தலையில் ஷாம்பு போட்டுவிட்டேன். நுரை வந்தது, தண்ணீர் வரவில்லை. கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. இடது கையால் சொம்பைத் துழாவி எடுத்தேன், அது நழுவித் தரையில் உருண்டது. குனிந்து தேடினால் வழுக்கிவிடும் என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சுவரைப் பிடித்து நின்றேன்.

எப்போது வந்தாரோ, கதவைத் தட்டினார். "கொடி, என்ன ஆச்சு? தொறக்கட்டுமா?" ஜெயக்கொடியை இப்படிச் சுருக்கிக் கூப்பிடுவது அவர் ஒருவர்தான். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. உள்ளே வந்து பக்கெட்டிலிருந்து மொண்டு ஊற்றி அலசிவிட்டார். அப்போதும் முகம் சுவர் பக்கம்தான். நுரை என் காதில் இருக்கிறது, அவர் என் தோளில் ஊற்றுகிறார்.

"இந்தப் பக்கம் பாத்து ஊத்துனாத்தான் என்னுங்க?" என்று கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. அறைக்குப் போய் அழுதேன்.

அவருக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் என்றுதான் மாடிக்குப் போய் நிற்கிறார். பம்பு வேண்டாம் என்றதும் அதே அலட்சியம்தான். எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள், குறையவில்லை.

ஜூன் 21, சனி

கை: சாமி படத்தின் இடுப்பு. கோபத்தில் கை நன்றாக ஏறுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அவர் சத்தமில்லாமல் மாடிப்படி ஏறினார். இன்றைக்கு என்ன ஆனாலும் சரி, மேலே போய்ப் பார்த்துவிடுவது என்று நானும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏறியதே இல்லை. மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு தூறல் வரும் போலிருந்தது. கொடிக்கம்பி விறைப்பாகத்தான் இருந்தது. மனிதரைக் காணோம்.

பிறகு பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்பு ஏணி. ஏணியில் இரண்டு கால். வேட்டியை மடித்துக் கட்டிய மனிதர் இடுப்பு வரைக்கும் தொட்டிக்குள் இருந்தார். மூக்குக் கண்ணாடி கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது. உள்ளே ஏதோ முக்கல் முனகல்.

"என்னுங்க பண்றீங்க?"

கால் இரண்டும் உதறின. தொட்டிக்குள் தலை இடித்த சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல!" என்று உள்ளிருந்து பெரிய குரல் வந்தது. நிமிர்ந்தார். முகம், கை, பனியன் எல்லாம் ஈரம். கையில் ஒரு துணியை உருட்டிப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீ எதுக்கு மேல வந்தே? படி வழுக்குமல்ல."

"கையில என்னுங்க?"

"துணி."

"என்ன துணி?"

நீட்டினார். வேறு வழியில்லை. மல் வேட்டியிலிருந்து சதுரமாகக் கிழித்து நாலாக மடித்த துணி. வெள்ளையாக இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறிச் சகதி அப்பி, தொட்டால் அட்டை மாதிரி இருந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்தது என் பாவாடை நாடா. எலியைச் சும்மா திட்டியிருக்கிறேன்.

ஏணியை விட்டு இறங்கி என் எதிரே நின்றார். அவர் இவ்வளவு பேசிக் கேட்டு நாளாயிற்று என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"தை மாசம் ஊசி போட்டப்பறம் உனக்குக் காச்சலாக் காஞ்சுது. திரும்பக் கொண்டுபோயிச் சேத்துனமல்ல? அப்ப டாக்டரம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டு, இந்த ஒடம்பு இப்ப ஒரு சின்னக் கிருமியக்கூடத் தாங்காது, தண்ணி கிண்ணியெல்லாம் சுத்தமா இருக்கோணும்னு சொன்னாங்க. நான் ஊட்டுக்கு வந்து இந்தத் தொட்டிய எட்டிப் பாத்தேன், கொடி. அடியில அத்தனையும் சேறு. ஒரு பல்லி செத்து மெதக்குது. இந்தத் தண்ணியத்தான் உன்ற மேல ஊத்திட்டு இருந்திருக்கேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அதுக்கு?"

"தொட்டியக் கழுவி உட்டேன். அதுவும் பத்தலைன்னு தோணுச்சு. கீழ எறங்கற பைப்பு வாயில துணியக் கட்டிப்போட்டேன். வாராவாரம் தண்ணிய வத்த உட்டு, கழட்டிட்டு வேற கட்டறேன். அன்னைக்கிருந்து உனக்குக் காச்சலே வல்லை. பாத்தியா?"

சொல்லிக்கொண்டே ஈர முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். துணி மேல்தான் என் உயிர் நிற்கிறது என்று இவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரின் ரகசியமும் விளங்கியது. புதுத்துணி கட்டினால் தூறல், சகதி ஏற ஏற நூல். நான் கரண்ட் என்றேன், அவர் ஆமாம் ஆமாம் என்றார்.

"நான் இத்தனை நாளா ஷவரு ஷவருன்னு கத்தறேன். சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொன்னா அவுக்கச் சொல்லுவே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இரண்டும் கலந்து அழுகையாகிவிட்டது. மூட்டு வலிக்காரர் வாராவாரம் ஏணி ஏறித் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் மாடிக்கு ஓடுகிறார் என்று நான் கீழே உட்கார்ந்து டைரி எழுதியிருக்கிறேன். பாரம் இப்போது குறைந்தது.

அழுது முடித்ததும் தையற்காரிக்குப் புத்தி வந்தது. தொட்டியின் மேல்விளிம்பில் மோட்டார்த் தண்ணீர் வந்து விழுகிற பைப்பைக் காட்டினேன்.

"வடிகட்டறதா இருந்தா உள்ள வர்ற வாயில கட்டோணுங்க. வெளிய போற வாயில கட்டுனா, சேறும் தொட்டிக்குள்ளதான் கெடக்கும், எனக்கும் தண்ணி வராது. வர்ற வாயில மோட்டாரு தள்ற வெசை இருக்குது, துணி என்னத்தத் தடுக்கப்போகுது? அதும் கைக்கெட்டுற ஒசரத்துல இருக்குது. தலைகீழாத் தொங்க வேண்டியதில்ல."

அந்தப் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு இது தோணவே இல்லை பாரு" என்றார். ஆனாலும் இனிக் கீழ் வாயில் கட்ட வேண்டாம் என்றபோது மாற்றுத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "புதன்கிழமை செக்கப்பு முடியட்டும். இந்த ஒரு வாரம் கட்டிக்கறேன். ஏம்புள்ள, இந்த ஒருக்கா மட்டும்."

சரி என்றேன். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவர் தலைகீழாகப் போய்க் கட்டிவிட்டு வந்தார்.

ஜூன் 25, புதன்

டாக்டரம்மா பார்த்தார், படங்களைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். நான் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எழவில்லை.

"டாக்டரம்மா, குளிக்கற தண்ணி எப்பிடி இருக்கோணும்?"

"எல்லாரும் குளிக்கிற தண்ணிதாங்க. இப்ப என்ன?"

"வடிகட்டோணுங்களா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "வடிகட்டினா தப்பில்ல" என்று சிரித்தார்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் டைரியைக் கொடுக்க மனம் வரவில்லை. நானே பக்கத்தைப் புரட்டி, கை வரிகளை மட்டும் வாசித்துக் காட்டினேன். சுவிட்ச் போர்டு, சாமியின் பாதம், முழங்கால், இடுப்பு. "சென்டிமீட்டர்ல சொல்லுங்கம்மா" என்றாள். எங்கள் வீட்டுச் சுவரில் சென்டிமீட்டர் மாட்டவில்லை என்றேன். காட்ட வேண்டிய வேலை முடிந்தது. இருந்தாலும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன் போலிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

கை: சாமி படத்தின் மார்பு வரை.

மெஷின் உறையை எடுத்துத் தூசி தட்டி எண்ணெய் விட்டேன். ஐப்பசியில் பாதியில் நிறுத்திய யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு மல் துணியை எடுத்தேன். இரண்டு மடிப்பு போதும். பை மாதிரி நீளமாகத் தைத்து, வாய்க்குச் சுருக்கு நாடா வைத்தேன். தையல் கொஞ்சம் கோணல். கடைக்கு வந்த துணியாக இருந்தால் பிரித்திருப்பேன். தொட்டிக்குத்தானே.

ஒன்றுக்கு இரண்டாகத் தைத்தேன், மாற்றிக் கட்ட வேண்டுமே. அவர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, டிக்கெட் கிழித்த அதே விரல்களால் நாடாவை நறுக்கிக் கொடுத்தார்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மேலே போனார். நான் குளியலறையில், மாற்றுத் துணி எடுத்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து காத்திருந்தேன். பையை மேல் பைப்பில் கட்டியாயிற்று என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. கீழ் வாயிலிருக்கிற துணியை அவிழ்க்க அவருக்கு மனம் வரவில்லை என்று தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. அந்தத் துணியோடு அவர் இந்த வீட்டில் எப்படிப் பயந்து கிடந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அதே வீட்டில்தான் பயந்து கிடந்தேன்.

மோட்டார் ஓடி நின்றது. அப்புறம் மாடியிலிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல்: "போலாம் ரைட்ட்ட்!"

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. திருகைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று, கொஞ்சம் காவித் தண்ணீர், பிறகு படபடவென்று கொட்டியது. தூறலும் இல்லை, கயிறும் இல்லை, மழை. வெயில் படாத தண்ணீர், சில்லென்று தலையில் அடித்தது. மூச்சு வாங்கியது. இடது கையில் ஷாம்பு எடுத்துத் தலையில் வைத்தேன். நுரை வந்த வேகத்தில் போனது. கண் எரியவில்லை. நானே குளித்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, படியிறங்கி வந்த அவருடைய காலடி கேட்டது.

"ஏனுங்க, இங்க வாங்க. முதுகுக்கு எட்டல."

எட்டாதது உண்மைதான். எட்டியிருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

வந்தார். பழக்கம் போலச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சோப்புக்குக் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"செவுத்துல என்னுங்க இருக்குது?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "நீதான சொன்னே. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு, இங்கயேதான். 'என்னையப் பாக்காதீங்க'ன்னு."

எனக்கு நினைவே இல்லை. சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்னென்னவோ சொன்னேன். இந்த மனிதர் அதை வைத்துக்கொண்டு, ஐப்பசியிலிருந்து கழுத்து வலிக்க வலிக்கச் சுவரைப் பார்த்திருக்கிறார்.

"அது ஐப்பசியில சொன்னதுங்க. இப்ப ஆனி பாதியாயிருச்சு. திரும்புங்க."

திரும்பினார். பார்த்தார். மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் தெறித்திருந்தது. கழற்றி வேட்டி முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் எதையும் மூடிக்கொள்ளவில்லை.

"முடி நல்லா வந்துருச்சு, கொடி" என்றார். பிறகு முதுகு தேய்த்துவிட்டார். தண்ணீரை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கை: இன்று சுவரில் ஏற்றிப் பார்க்கவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன். ஷவரடியில் இடது கை மட்டும் தலைக்குப் போகவில்லை. இரண்டு கையும் தலையில் இருந்தன.